கிராணி சேர்த்த இருபத்தொன்பது வீடுகள்

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், புக்கிட் பெருந்துங் கடைவரிசையின் மேல்மாடியில் இயங்கிவரும் நமது செய்தி அலுவலகத்தின் மின்சாரக் கெட்டில், இன்று காலை ஒன்பது மணியளவில், காப்பிக்காகக் காத்திருந்தோர் முன்னிலையில், சிறு புகையுடன் இயற்கை எய்தியது. அன்னாருக்கு ஒரு மூடியும் ஆறு கோப்பைகளும் உள்ளனர். நல்லுடல் கீழ்மாடிக் குப்பைத் தொட்டியில் சேர்க்கப்படும். மலர்வளையம் வேண்டாம், புதுக் கெட்டில் ஏற்றுக்கொள்ளப்படும்.

இதை எழுதியவன் நான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அலுவலக வாட்ஸ்அப் புலனக் குழுவில் போட்டேன். இப்படி எதையாவது தினமும் போடுவது என் வழக்கம். ஆசிரியரின் சட்டைப் பொத்தான் விழுந்தால் அதற்கு இரங்கல் செய்தி. கழிவறைக் குழாய் சரியானால் திறப்பு விழா அழைப்பிதழ். யாரும் பதில் போடமாட்டார்கள். அமுதா அக்கா மட்டும் ஏதாவது எழுதுவார்.

அன்றைக்கும் அவருடைய எண்ணிலிருந்து பதில் வந்தது. "அமுதா இன்னைக்கு விடியக்காலையில எங்கள விட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு எடுக்குறோம். வீடு சுங்கை சோ."

நான் மூன்று சிரிப்பு முகங்கள் போட்டு எழுதினேன்: "கெட்டிலுக்குத் துணைக்கா போனீங்க அக்கா? பாதி வழியில திரும்பி வந்துருங்க, பிஸ்கட் இருக்கு."

பிறகு அதே எண்ணிலிருந்து, "தம்பி, நான் அவங்க தங்கச்சி. வெளாட்டு இல்ல தம்பி."

அந்த மூன்று சிரிப்பு முகங்களும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அழித்தால் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி நிற்கும். சிரிப்பு மோசமா, அந்த வரி மோசமா என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஆசிரியர் குணாளன் அண்ணன் உடனே கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "டேய் திவா, நெசம்டா. மாரடைப்பாம்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் போனைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அலுவலகத்தின் உள்ளறையில் இருந்தார், நான் வெளி அறையில். நடுவில் ஒரு கண்ணாடிதான்.

அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தொலைபேசி பார்த்தவர், ஐந்து வருடங்களுக்கு முன் நம்மிடம் வந்தார். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குரலைக் கேட்டிருப்பீர்கள். திருமண விளம்பரம் கொடுத்தவர்கள், கோயில் திருவிழாச் செய்தி அனுப்பியவர்கள், குப்பை லோரி வரவில்லை என்று புகார் செய்தவர்கள், எல்லாரையும் அவர் ஒரு தடவை திரும்ப அழைத்திருப்பார். "வணக்கம்மா, அமுதா பேசுறேன், பசியாறிட்டீங்களா?" காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்ட பிறகுதான் செய்தி. செய்தி சரியாக இருந்தாலும் அழைப்பார். "ஒரு தடவ கூப்பிட்டுக் கேட்டுருவோம்" என்பது அவர் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வது.

நான் ஏன் அந்தச் செய்தியை விளையாட்டு என்று நினைத்தேன் என்பதையும் சொல்லவேண்டும். குற்றத்தைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

நான் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் வேலைக்கு வந்தவன். வந்த முதல் வாரமே அக்காவின் கைப்பேசியில் அழைப்பு மணியைச் சேவல் கூவலாக மாற்றிவைத்தேன். அது வெள்ளிக்கிழமை கோயில் பூசையில், மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் கூவியிருக்கிறது. திங்கட்கிழமை அவர் ஒன்றுமே சொல்லவில்லை. "வாலு, பசியாறிட்டியா?" என்று மட்டும் கேட்டார். மதியம் எனக்கு ஓர் அழைப்பு. கறாரான மலாய்க்காரப் பெண்குரல். தேர்வுப் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்களுடைய வரலாற்றுத் தாள் தொலைந்துவிட்டது, நாளை காலை எட்டு மணிக்கு நீலப் பேனாவுடன் வந்து மறுபடி எழுதவேண்டும். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று "சரிங்க புவான், சரிங்க புவான்" என்கிறேன். கதவு திறக்கிறது. மாடிப்படியிலிருந்து அக்கா போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வருகிறார். "எட்டு மணிடா. லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்."

சிரித்தார் என்று எழுத நினைத்தேன். அவர் சத்தமாகச் சிரித்ததே இல்லை. தோள் மட்டும் குலுங்கும். அப்படிப்பட்டவரின் எண்ணிலிருந்து, ஒரு கெட்டிலின் மரண அறிவித்தலுக்குக் கீழே, இன்னொரு மரண அறிவித்தல் வந்தால் நான் வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

சரி. என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திவாகர். நமது செய்தித் தளத்தில் 'குழாயும் கதவும்' பக்கத்தின் அடியில் போய்ப் பாருங்கள். 'தரவுத்தளம் அமைத்தவர், விடுபட்ட வீடுகளைக் கண்டுபிடித்துச் சேர்த்தவர்: திவாகர்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். எங்கள் அம்மா அதைப் படம் பிடித்து உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பினார். கோலசிலாங்கூரில் இருக்கும் ஒரு மாமா, எனக்கு அவர் முகம்கூட ஞாபகமில்லை, அதைத் தன் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறாராம்.

சில மாதங்களுக்கு முன் செய்த அந்த வேலையைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. கலும்பாங் பக்கத்தில் ஒரு தோட்டம். கித்தா என்கிற ரப்பர் போய், செம்பனை வந்து, செம்பனையையும் யாருக்கோ விற்றாகிவிட்டது. இரண்டாவது டிவிஷனின் லயங்களில், அந்த ஒட்டு வரிசை வீடுகளில், மட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் பழைய தோட்ட அலுவலகத்தின் ஒரே மீட்டரிலிருந்து வந்துகொண்டிருந்தது. புதிய முதலாளி அந்த இணைப்பை மூடப்போவதாக அறிவிப்பு ஒட்டிவிட்டார். தண்ணீர் இலாகாவில் கேட்டால், வீட்டுக்கு வீடு தனி மீட்டர் போடலாம், யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் கொடுங்கள் என்றார்கள். பட்டியல் யாரிடமும் இல்லை. நாமே எடுத்து, நம் பக்கத்தில் போட்டு, கையிலும் கொடுத்துவிடுவோம் என்றார் குணாளன் அண்ணன். ஒரு வெள்ளிக்கிழமை கெடு. பட்டியலில் இல்லாத வீட்டுக்குக் குழாய் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பெரிய பத்திரிகை என்றால் இதற்கென்று நிரல் எழுத ஆட்கள் இருப்பார்கள். நம்மிடம் ஆசிரியர் ஒருவர், வெளியே மோட்டாரில் அலையும் நிருபர் ஒருவர், அக்கா, நான். ஆனால் இணையத்தில் இப்போதெல்லாம் இலவசக் கருவிகள் இருக்கின்றன. நிரல் தெரியவேண்டாம். கட்டங்களை இழுத்து வைத்தால் ஒரு படிவம் தயார். இணைப்பை அனுப்பினால் மக்கள் தங்கள் போனிலேயே நிரப்புவார்கள், நிரப்பியது வரிவரியாக அட்டவணையில் வந்து உட்காரும். ஒரே மதியத்தில் கட்டி முடித்தேன். தரவு தரவேண்டியவர் தருவார், தராதவரைத் தரதர என்று இழுத்து வருவேன் என்று அறிவிப்பும் போட்டேன்.

அக்கா என் திரையை எட்டிப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார்.

"இதுல போன் அடிக்கிற பட்டன் எங்கடா?"

"அதெல்லாம் வேணாம் அக்கா. அவங்களே நெரப்பிருவாங்க."

"அவங்களே நெரப்பிட்டா நம்மளுக்கு என்னா தெரியும்?"

"அக்கா, இது டேட்டா லா."

"சரி. எத்தனாவது கதவுன்னு ஒரு கட்டம் போடு. எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்கன்னு இன்னொரு கட்டம்."

"கதவெல்லாம் தரவு ஆகாது அக்கா" என்றேன். இயைபு நன்றாக விழுந்த மகிழ்ச்சியில் அதை இரண்டு முறை சொன்னேன்.

அக்கா கண்ணாடியை மேலே தள்ளினார். "கதவு இல்லாட்டி உன் தரவு எங்கடா போயித் தட்டும்?"

நான் கட்டம் போடவில்லை. பெயர், தகப்பன் பெயர், முகவரி, தொலைபேசி, வீட்டில் எத்தனை பேர். சுத்தமான ஐந்து கட்டங்கள். அழகாக இருந்தன.

அழகு போதாமல் கொஞ்சம் விளையாட்டும் சேர்த்தேன். அந்தக் கருவியில் யார் எந்த வரியைத் தொட்டாலும் 'மாற்ற வரலாறு' என்ற இடத்தில் பெயரோடு பதிவாகும். பொறுப்பாளன் நான் என்பதால் எல்லாருடைய பெயரையும் மாற்றிவைத்தேன். தோட்டத்துப் பதவிகள். ஆட்களை மேய்க்கிற மண்டோர், ஏட்டில் பெயர் எழுதுகிற கிராணி, எல்லாருக்கும் மேலே பங்களாவில் உட்கார்ந்திருக்கும் தொரை. ஆசிரியர் மண்டோர் ஆனார். நிருபர் வாட்ச்மேன். அவரவர் திரையில் அவரவர் பெயர் 'நீங்கள்' என்றுதான் தெரியும், அதனால் யாருக்கும் தன் பதவி தெரியாது. நான்கு நாள் நிம்மதியாகச் சிரித்தேன். பிறகு நிருபர் ஆசிரியரிடம் "என்னாண்ணே, மண்டோர் வேலைக்குப் போயிட்டீங்க?" என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்தார். ஆசிரியர் என் காதைத் திருகினார். அவர்கள் இரண்டு பேருடைய பெயரை மட்டும் பழையபடி மாற்றினேன்.

படிவங்கள் குவிந்தன. நூற்றுக்கும் மேல். பார்த்தால் பாதி ஒரே மாதிரி இருந்தன. சுப்ரமணியம், தகப்பன் முனியாண்டி, இரண்டாவது டிவிஷன். அடுத்த வரியிலும் சுப்ரமணியம், தகப்பன் முனியாண்டி, இரண்டாவது டிவிஷன். அதற்கடுத்த இரண்டிலும். தொலைபேசி எண்ணும் ஒன்றே. லெட்சுமி, தகப்பன் முனியாண்டி என்று நான்கு. ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்று யாருக்கும் தோன்றும். கருவியிலேயே அதற்கு வழி இருக்கிறது, ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். திங்கட்கிழமை அது அழுத்தப்பட்டது. முப்பத்தோரு வரிகள் போயின. அட்டவணை இளைத்துப் பளிச்சென்று இருந்தது. 'நாட்டிலேயே வரியைக் குறைத்த ஒரே அலுவலகம் நமது அலுவலகம்' என்று குழுவில் அறிவிப்பு வந்ததை நீங்கள் யூகித்திருப்பீர்கள்.

அவர்கள் ஒரே ஆள் இல்லை. அந்த லயத்தில் மூன்று சுப்ரமணியம் உண்மையாகவே இருக்கிறார்கள். தோட்டத்துக் கோயில் சுப்ரமணியர் கோயில், காவல் தெய்வம் முனியாண்டி. பிள்ளை பிறந்தால் இந்த இரண்டு பெயரும்தான் முதலில் வாய்க்கு வரும். அப்பன் தலைமுறையில் ஊரெல்லாம் முனியாண்டி, மகன் தலைமுறையில் ஊரெல்லாம் சுப்ரமணியம். வீடுகளுக்கு எண் கிடையாது, வரிசையில் எத்தனாவது கதவு என்பதுதான் அடையாளம், கடிதம் எல்லாம் தோட்ட அலுவலகத்துக்கே வந்து பழக்கம், அதனால் முகவரியும் ஒன்று. இணைய வசதி உள்ள போன் ஒருவரிடம்தான் நன்றாக வேலை செய்கிறது, அவர் போனிலேயே பாதி வீட்டுக்காரரும் படிவம் நிரப்பியிருக்கிறார்கள், எண்ணும் ஒன்று. அவர்களுக்குள் ஒரு குழப்பமும் இல்லை. லோரி ஓட்டுகிறவர் லோரி சுப்ரா. நிறம் சிவந்தவர் செவப்பு சுப்ரா. லயத்தில் முதன்முதலில் தொலைக்காட்சி வாங்கிய வீட்டுக்காரர் டிவி சுப்ரா. ஐசி என்கிற அடையாள அட்டையில்தான் மூன்று பேரும் ஒன்று.

அக்கா செவ்வாய், புதன் இரண்டு நாளும் வழக்கம்போலத் தொலைபேசியில் இருந்தார். யாரிடம் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. என் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை ஆசிரியர் பட்டியலை அச்செடுப்பதற்கு முன் எங்கள் எல்லாரையும் கூட்டினார். மாற்ற வரலாற்றைத் திறந்து வைத்திருந்தார். அவருக்கு அது இருப்பது தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இருபத்தொன்பது வரி புதுசா சேந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் முகவரியில ஏழாவது கதவு, டிவி சுப்ரா, பன்னெண்டாவது கதவு, ஒல்லி லெட்சுமின்னு எழுதியிருக்கு. இது இல்லாம குடுத்திருந்தோம்னா அத்தன வீடும் போயிருக்கும். யாரு இந்தக் கிராணி?"

ஆசிரியரின் முகத்தில் கோபம் இல்லை என்பதைப் பார்த்தேன். அதன்பிறகு நான் கையைத் தூக்கினேன்.

"நீயாடா?" என்றார் அவர். எழுந்து வந்து முதுகில் தட்டினார். "நான் உன்ன வெறும் சேட்டக்காரன்னு நெனச்சேன் லா. சரி, ஒண்ணு சொல்லு. முப்பத்தோரு வரி கொறஞ்சிருந்துச்சி, திரும்ப இருபத்தொன்பதுதான் வந்திருக்கு. ரெண்டு எங்க?"

எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டு பேரு நெசமாவே ரெண்டு தடவ போட்டுட்டாங்கண்ணே" என்றார் அமுதா அக்கா தன் இடத்திலிருந்து, தலையைத் தூக்காமலே. "ஒண்ணு செவப்பு சுப்ரா. மொத தடவ போனதா இல்லையான்னு சந்தேகமாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இல்லீங்களா, தொரை?"

அன்றிலிருந்து நான் அவருக்கு வாலு இல்லை. தொரை. "தொரை, பசியாறியாச்சா?" "தொரைக்குப் போன் வந்திருக்கு." "தொரை வராம கூட்டத்த ஆரம்பிக்காதீங்க." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பதவி உயர்வு என்று நினைத்தேன். ஆசிரியர் அக்கா எழுதிய முறையைப் பார்த்து, அதாவது அந்தக் கிராணி எழுதிய முறையைப் பார்த்து, எல்லா வீட்டுக்கும் அந்த இரண்டு கட்டங்களைச் சேர்க்கச் சொன்னார். கதவு, கூப்பிடும் பெயர். மீதி வீடுகளுக்கு நானும் அக்காவும் நிருபரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு அன்று முழுவதும் போன் அடித்தோம். வெள்ளிக்கிழமை பட்டியல் போய்ச் சேர்ந்தது. பக்கத்தின் அடியில் என் பெயர் ஏறியது.

அக்கா இறந்த மறுநாள், புதன்கிழமை, சுங்கை சோவில் அவர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தங்கச்சிக்காரர் யார் என்று தெரியவில்லை, தெரிந்துவிடுமோ என்றும் பயமாக இருந்தது. அங்கே எனக்கு அழுகை வரவில்லை. அக்கா எங்கிருந்தோ போனைக் காதில் வைத்துக்கொண்டு வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்கிறவனை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வேன் வந்து நின்றது. கலும்பாங்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். கும்பிட்டுவிட்டு வந்து, ஆசிரியரிடம் பேசி, அவர் கைகாட்ட, ஒருவர் நேராக என்னிடம் வந்தார். கருத்த உடம்பு, லோரி ஸ்டியரிங் பிடித்த கை.

"நீதானா அந்தக் கிராணி தம்பி? கையக் குடு."

கொடுத்தேன். பின்னாலேயே இன்னொருவர் வந்தார்.

"நான்தான் தம்பி டிவி சுப்ரா. மீட்டரு வந்துருச்சி. அந்த இலாகாக்காரப் பையன், மலாய்க்காரன், ஏழாவது கதவ எண்ணிக்கிட்டே வந்து, 'டிவி சுப்ரா வீடு இதானா'ன்னு மலாய்ல கேக்குறான் லா! எங்க அம்மா ஒருத்திதான் என்னைய சுப்ரமணியம்னு கூப்புடும். கவர்மெண்ட்டே டிவி சுப்ரான்னு கூப்புட்டா, அப்புறம் என்னா?"

"இவனுக்கு இப்ப ரெண்டு டிவி இருக்கு, பேர மாத்தணும்" என்றார் லோரி சுப்ரா. இரண்டு பேரும் சிரித்து, இடம் ஞாபகம் வந்து நிறுத்தினார்கள்.

"பாவம் அந்தம்மா" என்றார் லோரி சுப்ரா குரலைத் தாழ்த்தி. "பட்டியல் எடுத்தப்ப செவ்வாக்கெழம, பொதங்கெழம ரெண்டு நாளும் என்னைய உண்டு இல்லன்னு பண்ணிட்டாங்க. எங்க லயத்துல என் போன்தான் ஒழுங்கா கேக்கும். 'தம்பி, அப்படியே போனத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்கு நட, அவங்ககிட்ட குடு'ன்னாங்க. மொத கதவுலேருந்து கடைசி கதவு வரைக்கும் நான் போனத் தூக்கிட்டு நடந்தேன். ஒவ்வொரு வீட்லயும், 'பசியாறிட்டீங்களா, உங்களுக்கு அந்தப் பக்கம் யாரு, இந்தப் பக்கம் யாரு'ன்னு கேக்குறாங்க. என்னாக்கா இவ்ளோ கேக்குறீங்கன்னேன். 'எங்க ஓப்பிஸ்ல ஒரு பையன் இருக்கான், அவன் கணக்கு தப்பாயிடக்கூடாது'ன்னாங்க. நீ சொல்லித்தானே தம்பி அடிச்சாங்க?"

நான் தலையை ஆட்டினேன். மேலும் கீழுமா, இடமும் வலமுமா என்று இப்போது வரை எனக்குத் தெரியாது. அவர் என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனதை வைத்துப் பார்த்தால், மேலும் கீழுமாகத்தான் இருக்கவேண்டும்.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்து அக்காவின் இடத்தைப் பார்த்தேன். மேசைமேல் ஒரு பாக்கெட் பிஸ்கட், கிளிப் போட்டு மூடியது. தொலைபேசி. சுவரில் கோயில் நாட்காட்டி. யாரோ புதுக் கெட்டில் வாங்கிவந்திருந்தார்கள். அறிவிப்புப் போடக் கை போனது. போடவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். நீக்கிய வரிகளைத் திருப்பிக் கொண்டுவர அந்தக் கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அரை நொடி வேலை. அக்காவுக்கு அது தெரியாமல் இரண்டு நாள் போன் அடித்தாரா? தெரிந்தும் அடித்தாரா? அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் முப்பத்தொன்றும் திரும்பி வந்திருக்கும், செவப்பு சுப்ரா இரண்டு பேராக இருந்திருப்பார். என்னிடம் ஏன் கேட்கவில்லை? ஆசிரியரிடம் ஏன் சொல்லவில்லை? நான் கையைத் தூக்கியபோது என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு நாள் அதில் கிண்டல் தெரிகிறது. மறுநாள் பார்த்தால் பரிதாபம் மாதிரி இருக்கிறது. நான் என்றைக்காவது வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாரோ என்றும் தோன்றுகிறது. ஒவ்வொரு நாளும் 'தொரை' என்று கூப்பிட்டு எனக்கு ஞாபகப்படுத்தினார், நானும் ஒவ்வொரு நாளும் "என்னாக்கா?" என்று பெருமையாக வந்து நின்றேன். கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றால் அந்த எண்ணை இப்போது தங்கச்சி எடுப்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டவை பெரிதாக ஒன்றுமில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் கிளிப்பை எடுத்துக்கொண்டேன், ஆசிரியருக்குத் தெரியாது, இப்போது தெரியும். புதிய அட்டவணை எது போட்டாலும் முதல் இரண்டு கட்டங்களை, எத்தனாவது கதவு, எப்படிக் கூப்பிடுவார்கள் என்று, வைத்துவிட்டுத்தான் மற்றதை இழுக்கிறேன். போன் எடுத்தால் பசியாறிட்டீங்களா என்று என் வாய் தானாகக் கேட்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கும் கேட்கிறது, எதிர்முனையில் சிரிக்கிறார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. மேலே ஓரிடத்தில் 'அது அழுத்தப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். யார் அழுத்தினார் என்று எழுதவில்லை. மாற்ற வரலாறு இன்னும் அப்படியே இருக்கிறது, நேற்று மறுபடி திறந்தேன். மேலே, 'கிராணி ஒரு வரியைச் சேர்த்தார்', 'கிராணி ஒரு வரியைச் சேர்த்தார்' என்று இருபத்தொன்பது முறை. ஆசிரியர் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டார். இன்னும் ஒரு விரலளவு கீழே இறக்கியிருந்தால் அந்தத் திங்கட்கிழமை வந்திருக்கும். அவர் திரையில் இப்படி: 'தொரை முப்பத்தோரு வரிகளை நீக்கினார்.'

அக்கா கீழே இறக்கிப் பார்த்திருக்கிறார்.

மண்டோர் ஆசிரியர், வாட்ச்மேன் நிருபர். கிராணி என்ற பெயரை நான் வைத்தது அமுதா அக்காவுக்கு. எனக்கு வைத்துக்கொண்டதுதான் தொரை. அந்தப் பட்டியலில் நான் கண்டுபிடித்துச் சேர்த்த வீடு ஒன்றுகூட இல்லை. இருந்ததை இல்லாமல் செய்ததுதான் என் வேலை. குணாளன் அண்ணே, பக்கத்தின் அடியில் என் பெயர் இருக்கும் இடத்தில் அக்கா பெயரைப் போடுங்கள். காதை அப்புறம் திருகலாம். லோரி சுப்ரா அண்ணே, நான் அன்றைக்குத் தலையை ஆட்டியது தப்பு.

அம்மா, அந்தப் படத்தை உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினீர்களே, அது தப்பு என்று ஒவ்வொருவருக்கும் போன் அடித்துச் சொல்லிவிடுங்கள். கோலசிலாங்கூர் மாமாவைக் கதவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வேண்டாம், இருங்கள். எண்களை மட்டும் கொடுங்கள். நானே அடிக்கிறேன்.